தலைக்கு எழுபது

"கடேசியா இன்னாம்மா துன்னான் என் தம்பி?"

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்த செல்லியம்மா, சட்டென்று தலையைத் தூக்கிக் கேட்டாள். வெதுருகுப்பத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்தவள். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

பெட்டிக்குள் நாகபூஷணம் படுத்திருந்தார். எழுபத்தோரு வயது. தாடையோடு சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி அவரைப் பல்வலிக்காரர் போலக் காட்டியது.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தலைமாட்டில் இருந்த மருமகளைப் பார்த்தார்கள். தேவசேனா பெட்டியின் வயரைப் பார்த்தாள்.

"கீரை கடைசல், பெரியம்மா. மோர் ஊத்தி ரெண்டாவது வாட்டியும் வாங்கிக்கினாரு."

"வயிறு நெறஞ்சு போயிருக்கான்." செல்லியம்மா மற்றவர்களிடம் திரும்பினாள். "அது போதும்மா. பசியோட போற உசுரு வூட்டையே சுத்திக்கினு கெடக்கும்."

அந்த வாரம் அந்த வீட்டில் கீரை வாங்கவே இல்லை. நாகபூஷணம் மதியச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிட்டுப் பதினாறு மாதம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமைகள் தவிர. வீட்டில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பெட்டிக்குள் இருந்தார்.

தேவசேனாவின் கணவன் தனசேகர் திருப்பதியில் ஒரு தனியார் இன்டர் காலேஜ் ஹாஸ்டலில் மெஸ் மேனேஜர். பிளஸ் டூ படிக்கும் அறுநூறு பிள்ளைகள். ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நிர்வாகம் ஒரு தொகை சொல்லும். அதற்குள் இட்லி முதல் ராத்திரி மோர் வரை முடித்துக்காட்ட வேண்டும். அதில் அவன் கெட்டிக்காரன். ஒரு பிடி புளிகூட ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்ததில்லை. குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. ஆனால் சித்தூர் சந்தைப்பேட்டையில் இருந்த தன் வீட்டையும் அவன் அப்படித்தான் நடத்தினான். அரிசி ரேஷனில் வந்துவிடும். மற்றதற்குத் தலைக்கு எழுபது ரூபாய். நைனா நாகபூஷணம் ஒரு தலை, தேவசேனா ஒரு தலை, இரண்டாம் வகுப்பு படிக்கும் சுஷ்மிதா அரைத் தலை. மாதம் ஐந்தாயிரத்து இருநூற்றைம்பது. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியதும் கை கால் கழுவிக்கொண்டு அலமாரி முன்னால் நிற்பான்.

"துவரம்பருப்பு இருவது தேதி வரைக்கும் வரணும். வராது போலக் கீதே."

திட்டமாட்டான். சொல்லிவிட்டுப் போய்விடுவான். அடுத்த ஒரு வாரம் அவள் பருப்புக்குள் பூசணிக்காயை வெட்டிப் போட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருமுறை வேலைக்குப் போகிறேன் என்று அவள் கேட்டாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டுக் கல்யாணம் ஆனவள். தனசேகர் கோபப்படவில்லை. சுஷ்மிதாவின் சிலேட்டை எடுத்து எழுதினான். பஸ், டிபன், நாலு புடவை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். எட்டாயிரம் சம்பளத்தில் கையில் நிற்பது ஆயிரத்து நூறு. "இதுக்கா காலையில ஏழு மணிக்கு ஓடணும்?" என்றான். அவன் எழுந்து போன பிறகு அவள் சிலேட்டை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். கணக்கில் எங்கும் தப்பில்லை. சம்பளத்தைத்தான் மாற்ற வேண்டும். லேப் டெக்னீசியன் கோர்ஸ் ஒரு வருஷம் நாலு மாதம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் இன்ஸ்டிட்யூட் இருந்தது. பதினாறாயிரம், நாலு தவணை. முடித்தால் வேலூரிலோ சித்தூரிலோ பதினைந்தாயிரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். அந்தப் பதினாறாயிரத்தை எந்தப் பருப்பிலிருந்து எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

மாமனாரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. சிலேட்டின் அடியில் அவள் எழுதிப் பார்த்த கோர்ஸ் கணக்கை அவரே பார்த்திருக்க வேண்டும். மறுநாள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா, என் தலைக்கும் எழுபது தர்றானா?"

"ஆமா மாமா."

"அவ்ளோவா துன்றேன் நானு?"

அன்று மதியம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். ஏப்பம் விட்டார்.

"அஞ்சு ரூபா கேன்டீனு. சோறு, பப்பு, காய் கூர, தயிரு. நல்லாத்தான் கீது. காலையில இட்லியும் அஞ்சு ரூபாதானாம்."

"மாமா, நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்க?"

"இருவத்தி ரெண்டு வருஷம் கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனு. பொண்ணு யாரு மாப்ள யாருன்னே தெரியாத ஆயிரம் கல்யாணத்துல பந்திக்கு முந்தி துன்னவன் நானு. எனக்கா வெக்கம்?"

"அவரு கேட்டா?"

"அவன் சனிக்கெழம ராத்திரி வந்து திங்கக்கெழம விடிகாத்தால போறான். கேன்டீனு ஞாயித்துக்கெழம லீவு." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கவர்மென்ட்டே உனக்கோசரம் பாத்து வெச்சாப்பல கீது."

காலைக்கு ஐந்து, மதியத்துக்கு ஐந்து. ராத்திரி வீட்டில் ரசமோ உப்புமாவோ, அதற்கு இருபது. ஒரு நாளைக்கு நாற்பது ரூபாய் மிச்சம். இருபத்தாறு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம். வீட்டில் பணம் இருந்தால் தனசேகரின் கண்ணில் படும் என்பதால் அது நாகபூஷணத்தின் சட்டை உள்பாக்கெட்டில் ஊக்கு போட்டு இருந்தது. நாலு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்டிட்யூட்டுக்கு அவரே போய்க் கட்டுவார். இங்கிலீஷ் ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் அது இருக்கக் கூடாது என்பதால் அவர்களிடமே கொடுத்து வைத்துவிட்டு வருவார். சுஷ்மிதா பள்ளிக்கூடம் போனதும் தேவசேனா வகுப்புக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்புவாள். மூன்று தவணை முடிந்தது.

இன்று காலை நாலாவது தவணைக்கும் சரியாக நாலாயிரம் சேர்ந்திருந்தது. சில்லறை நோட்டுகளை எல்லாம் அவர் நேற்றே எட்டு ஐந்நூறாக மாற்றி வைத்திருந்தார். "துன்னுட்டு அப்படியே போய் கட்டிடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆபீஸ் இரண்டு மணிக்குத்தான் திறக்கும்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவளுக்கு போன் வந்தபோது மைக்ராஸ்கோப்பில் ஒரு ரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேன்டீன் லைனில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். லைனில் இருந்தவர்களே ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். ஆட்டோவில் முதலில் வந்தது அழுகை அல்ல. பணம் கட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா என்ற கேள்வி. பன்னிரண்டே முக்கால். இரண்டு மணி ஆகியிருக்காது. அந்தக் கணக்கைப் போட்டு முடித்த பிறகுதான் அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

தனசேகர் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தான். கடைத்தெருவில் மயங்கி விழுந்துவிட்டார் என்று மட்டும் தேவசேனா அவனிடம் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி போலீஸ்காரர் சாவியையும் மூக்குக்கண்ணாடியையும் பணத்தையும் அவனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அந்தப் பணத்தைத்தான் இப்போது அவன் செல்லியம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தான்.

"நாலாயிரம் அத்தை. உள்பாக்கெட்ல ஊக்கு போட்டு வெச்சிக்கினு இருந்திருக்காரு. தன் சாவுக்கு தானே சேத்திருக்காரு. என் மேல பாரம் விழக் கூடாதுன்னு."

செல்லியம்மா நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தனசேகர் சுவரில் சாய்ந்து விசும்பினான். அவன் அழுது தேவசேனா பார்த்ததில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். ஐஸ் பெட்டிக்காரனுக்கு ஐந்து நோட்டு. மேளக்காரர்களின் பெரியவர் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். அவருக்கு மூன்று.

தேவசேனா எழுந்து வாசல் நிலை வரைக்கும் வந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது.

"இன்னா?" என்றான் தனசேகர்.

"ஒண்ணுமில்ல."

"அழுதுடு பொண்ணே," என்று செல்லியம்மா பின்னால் வந்து அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "அடக்கி வெக்காத."

மேளம் தொடங்கியது. ஆறு மணி சுமாருக்கு எட்டொன்பது பேர் ஒன்றாகத் தெருவுக்குள் வந்தார்கள். காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரர், பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர், பூக்காரி ஒருத்தி, கையில் துணிப்பையோடு ஒரு கிழவர். சொந்தக்காரர்கள் போல நேராக உள்ளே வராமல் பந்தலுக்கு வெளியிலேயே வரிசையாக நின்றார்கள். கிழவரின் கையில் ஒரு மாலை இருந்தது.

"யாரு நீங்க?" தனசேகர் கேட்டான்.

"கேன்டீனு ஆளுங்க பாபு. நான் ரங்கையா."

"எந்தக் கேன்டீனு?"

"அதே பாபு, அஞ்சு ரூபா கேன்டீனு. பெத்தாயன, உங்க நைனா, எங்களோடதான் லைன்ல..."

ரங்கையா நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது தாமதமாகிவிட்டது. மேளக்காரர்கள் பீடி பிடிக்க எழுந்துபோயிருந்தார்கள். ஐஸ் பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.

"என் தம்பி அங்கியா போய் துன்னுக்கினு இருந்தான்?" செல்லியம்மா எழுந்தாள். "மருமவ வூட்ல இருக்கச் சொல்லோ? அஞ்சு ரூபா சோத்துக்கா?"

பெண்களிடையே ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. தனசேகர் திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்த முகம் தேவசேனாவுக்குத் தெரியும். அலமாரியில் இருப்பதும் இருக்க வேண்டியதும் ஒத்துவராதபோது வரும் முகம். தலைக்கு எழுபது, பதினாறு மாதம். அவன் கண்களுக்குள் பெருக்கல் ஓடத் தொடங்கிவிட்டதை அவள் பார்த்தாள்.

ரங்கையாவும் அவளைத்தான் பார்த்தார். ஒரு நொடி.

"துன்றதா? ராம ராமா!" என்று கையை உதறினார். "அங்க துன்ன வந்தா எங்களுக்கு இன்னா தொல்லை? துன்னாம வந்து அதிகாரம் பண்றதுதானே தொல்லை! மண்டபத்துல வாட்ச்மேனு இல்ல? அந்த புத்தி. 'ஏய், லைன்ல நில்லு. பொம்பளைங்கள முன்னாடி விடு. கை கழுவினியாடா?' டெய்லியும் வருவாரு. எல்லாரையும் உள்ள தள்ளிவிட்டுட்டு கெளம்பிடுவாரு. 'ஒரு பிடி துன்னு பெத்தாயனா'ன்னு நானே கூப்ட்ருக்கேன். 'என் மருமவ வூட்ல சூடா வெச்சிக்கினு உக்காந்திருக்கும், நீங்க துன்னுங்கடா'ன்னுட்டுப் பூடுவாரு. அடிக்கடி உங்க பேச்சுதாம்மா."

கடைசி வாக்கியத்தை மட்டும் அவளைப் பார்த்துச் சொன்னார்.

பூக்காரி அதற்கு ஓவென்று அழுதாள். ஆட்டோக்காரர், "எங்கிட்ட கூட கழுவிக்கினு வான்னு சொல்லுவாரு," என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். செல்லியம்மா மறுபடி உட்கார்ந்து தேவசேனாவின் தலையைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டாள். "என் தாயே, தப்பா கேட்டுட்டேன் பொண்ணே." அவள் முந்தானையில் வெற்றிலை வாசம் அடித்தது. அதற்குள் முகம் புதைந்திருந்த தேவசேனா, கணவனின் காலடிச் சத்தம் தன்னை நோக்கி வந்து, நின்று, பிறகு விலகிப் போவதைக் கேட்டாள்.

ரங்கையா உள்ளே வந்து மாலையைப் பெட்டி மேல் வைத்தார். அவளருகில் குனிந்து கும்பிடுவது போல நின்று, உதடு அசையாமல் சொன்னார்.

"டோக்கன நான் எடுத்துட்டேம்மா, கையிலருந்து. காலையில மூணு இட்லி துன்னாரு. வயிறு காலி இல்ல."

போய் வருகிறேன் என்று சொல்லாமல் அவர்கள் வந்தபடியே வரிசையாகத் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு எடுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போது தேவசேனாவின் விரல்களிலிருந்து அரிசி இறங்கவில்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. செல்லியம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

மதியம் திருப்பதியிலிருந்து ஹாஸ்டல் வேன் வந்தது. பெரிய அலுமினியப் பாத்திரங்களில் நூறு பேருக்குச் சோறும் சாம்பாரும் வடையும். தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் தனசேகர் அதை வரவழைத்திருந்தான். "தலைக்கு எவ்ளோ ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள். "முப்பத்தெட்டு," என்றான். "அதுல வடையுமா!" என்று அவர்கள் வியந்தார்கள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. தேவசேனா புழக்கடைக் குழாயில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சுஷ்மிதா உள்ளே தூங்கிவிட்டிருந்தாள். தனசேகர் வந்து துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தான். மொட்டை அடித்த தலையில் அவன் சின்னவனாகத் தெரிந்தான்.

"நைனாவ நல்லா பாத்துக்கினே நீ," என்றான்.

ஒன்பது வருஷத்தில் அவன் அப்படி எதையும் சொன்னதில்லை. அவள் கை நின்றது.

"நேத்து அந்த ஆளு கேன்டீனுன்னு சொன்னதும் ஒரு நிமிஷம் உன்னை தப்பா நெனச்சிட்டேன். மனசு கேக்கல."

"பரவால்லீங்க."

"கேளு. இனிமே நீ இங்க தனியா கஷ்டப்பட வேணாம். நைனாவாலதான் சித்தூர்ல வூடு வெச்சிக்கினு இருந்தோம், அவருக்கு வேற ஊரு ஒத்துக்காதுன்னு. ஹாஸ்டல்லயே குவார்ட்டர்ஸ் தரேன்னாங்க, நாந்தான் வேணாம்னு இருந்தேன். ஒரே ரூமுதான். வாடகை கெடையாது. மூணு வேளையும் மெஸ்லருந்து வந்துடும். ஸ்டாஃப் ஃபேமிலிக்கு ஃப்ரீ."

அவள் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுக்கொண்டாள்.

"சுஷ்மிக்கு பரீட்சை..."

"அங்கியே ஸ்கூல்ல பேசிட்டேன். சேத்துக்கறாங்க."

"மே மாசம் வரைக்குமாச்சும் இங்க இருந்துட்டு..."

"எதுக்கு?" உண்மையாகவே புரியாமல் கேட்டான். "ரெண்டு மாசத்துக்கு வாடகை ஏழாயிரம். மளிகை ஆறாயிரத்து முந்நூறு. பதிமூணாயிரத்து முந்நூறு ரூபா. எதுக்கு?"

மளிகைத் தொகையை அவள் மனதுக்குள் பிரித்துப் பார்த்தாள். அறுபது நாள், எழுபது ரூபாய். ஒன்றரைத் தலைக்குத்தான் போட்டிருந்தான். அதற்குள் கழித்துவிட்டிருந்தான்.

"காரியத்தை நாளைக்கே மூணாம் நாளோட சேத்து முடிச்சிடலாம்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன். எனக்கும் இன்டர் எக்ஸாம் டைமு, மறுபடி லீவு தரமாட்டாங்க. ரெண்டு சாப்பாடு ஒரே சாப்பாடா போயிடும். நாளன்னைக்கு டெம்போ சொல்லியிருக்கேன்." குரல் இறங்கியது. "இனிமே உனக்கு சமையலும் இல்ல, கணக்கும் இல்ல. நிம்மதியா சும்மா இரு."

துவைக்கும் கல்லின் மேல் அவள் வைத்திருந்த போன் அடித்தது. தனசேகர் குனிந்து பார்த்தான். திரையில் 'கேஸ் ஏஜென்சி' என்று வந்தது.

அந்தப் பெயரில் அவள் போட்டு வைத்திருந்தது இன்ஸ்டிட்யூட்டின் நம்பரை. சனி, ஞாயிறுகளில் அடித்தாலும் சந்தேகம் வராது என்று மாமாதான் அந்தப் பெயரை வைக்கச் சொன்னார்.

"நல்லதாப் போச்சு," என்றான் தனசேகர். "சிலிண்டரை திருப்பிக் குடுக்கணும். குடு, நானே சொல்லிடறேன்."

கையை நீட்டினான். அவள் சாம்பல் கையோடு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"தேவசேனா காருகதா?" ஆபீஸ் பெண்ணின் குரல். தெலுங்கில் மளமளவென்று சொன்னாள். கடைசித் தவணை இன்னும் வரவில்லை, நாளைக்குத்தான் கடைசி நாள், கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் வராது, ஏன் மேடம் நேற்று பாதியில் போனவர் இன்றைக்கு வகுப்புக்கும் வரவில்லை?

தனசேகர் இரண்டடி தூரத்தில் இருந்தான். சொல்லலாம். நான் படிக்கிறேன், இன்னும் நாலாயிரம் கொடுங்கள் என்று சொல்லலாம். அடுத்து அவன் கேட்பான், இதுவரைக்கும் கட்டியது எங்கிருந்து வந்தது என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் ரங்கையா பொய்யராவார். மாமா ஐந்து ரூபாய் லைனில் பசியோடு விழுந்தவர் ஆவார். செல்லியம்மா உள்ளே தாழ்வாரத்தில்தான் படுத்திருந்தாள்.

"இனிமே வேணாங்க," என்றாள் தேவசேனா.

"மேடம்?"

"எங்க வூட்ல மாமா தவறிட்டாரு. நாங்க ஊரைக் காலி பண்றோம். கனெக்ஷனை கேன்சல் பண்ணிடுங்க."

"கனெக்ஷனா? மேடம், நான் இன்ஸ்டிட்யூட்லருந்து..."

"தெரியும். கேன்சல் பண்ணிடுங்க."

"டெபாசிட் பணம் திரும்ப வருமா கேளு," என்றான் தனசேகர்.

அவள் குழாயைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "இதுவரைக்கும் கட்டின பணம் திரும்பி வருங்களா?"

மறுமுனையில் அந்தப் பெண் தமிழில், மெதுவாக, "வராதுங்க மேடம். ஒரே ஒரு இன்ஸ்டால்மென்ட்தானே? யோசிங்க," என்றாள்.

"சரிங்க," என்று தேவசேனா போனை வைத்தாள். "வராதாம்."

"ஏமாத்தறானுங்க. நான் நேர்ல போய் ரெண்டு கேள்வி கேக்கறேன்."

"விட்டுடுங்க."

"அது எப்படி விடறது? நம்ம பணம் இல்ல?"

"ஏஜென்சிக்கு நானே போய்ட்டு வரேன். பேப்பர்ல என் பேருதான் கீது." குழாயைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அவன் வேறு ஏதோ சொன்னது கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பால் தெளித்துவிட்டு வந்து, காரியத்தையும் முடித்தார்கள். நாகபூஷணத்தின் படம் ஆதார் கார்டிலிருந்து பெரிதாக்கப்பட்டிருந்தது. முகம் விறைப்பாக இருந்தது. படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுச் செல்லியம்மா தன் கையால் கீரை கடைந்து வைத்தாள். கடைசியாக ஆசைப்பட்டுச் சாப்பிட்டது என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னாள். அவருக்குக் கீரையே ஆகாது. கேன்டீனில் கீரைக் கூட்டு போடுகிற நாளில் வீட்டுக்கு வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டே தண்ணீர் கேட்பார். தேவசேனா இலையில் இன்னொரு கரண்டி கீரையை வைத்து, மேலே மோர் ஊற்றினாள்.

சாப்பாடு முடிந்ததும் வீட்டு ஓனரம்மா அடுக்களைக்குள் வந்து சுற்றிப் பார்த்தாள். அலமாரியைத் தட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் ஏத்திக்கினு போயி அங்க இன்னாத்துக்கு? மெஸ்லருந்து வந்துடுமாமே. குடுத்து வெச்சவம்மா நீ."

செல்லியம்மா கோணிப்பை கொண்டுவந்தாள். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, ஒன்றரைக் கிலோ புளி அவளுக்கு. பிரிக்காத எண்ணெய்ப் பாக்கெட் இரண்டும் மிளகாயும் ஓனரம்மாவுக்கு. பாதி கொத்தமல்லித் தூளை யார் எடுத்துக்கொள்வது என்பதில் சின்னதாக ஒரு உபசாரம் நடந்தது. "நீங்க எடுத்துக்கோங்க." "ஐயோ, நீங்க எடுங்கம்மா, எனக்கு வூட்ல கீது." தேவசேனா ஒவ்வொரு டப்பாவாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேல்தட்டு காலியானதும் கீழ்த்தட்டு. கேட்ட எதற்கும் அவள் இல்லை என்று சொல்லவில்லை. சாமான்களோடு அவர்கள் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். தெருவில் தனசேகர் டெம்போக்காரனிடம் போனில் வாடகை குறைத்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

அவள் ஒரு பழந்துணியை நனைத்துக்கொண்டு அலமாரியைத் துடைக்க வந்தாள்.

இரண்டாவது தட்டில் சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. சுவர் விரிசலிலிருந்து எறும்புகள் வந்துகொண்டிருந்தன. முதலில் வந்த எறும்பு வட்டத்தின் விளிம்பில் நின்றது. கொம்பை ஆட்டியது. பிறகு விளிம்போடு திரும்பி நடக்கத் தொடங்கியது. பின்னால் வந்தவையும் அந்த வழியிலேயே திரும்பின.

"தேவசேனா, தொடைச்சிட்டியா?" வெளியிலிருந்து செல்லியம்மாவின் குரல்.

"தோ ஆச்சு, பெரியம்மா."

துணியிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது. எறும்புகள் ஒரு சுற்று முடித்து, அடுத்த சுற்றைத் தொடங்கியிருந்தன.